கிராம் ஒன்றுக்கு

பிப்ரவரி. எமயேகி ஆறு உறைந்துவிட்டது.
அதன் முதுகில் துளையிட்டு
மீனுக்குக் காத்திருந்தார்கள் டார்த்து நகரத்து ஆண்கள்.
நான் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில்,
முப்பத்தேழு பாகைச் சூட்டில்
இரண்டு கண்ணாடிக் குழல்களுக்குக் காவல்.
ஒன்றில் எலியின் வலக்கால் தசை.
ஒன்றில் இடக்கால் தசை.

இடதுக்கு நரம்பில்லை.
ஏழு நாள் முன் நான்தான் வெட்டினேன்,
மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி
நகக்கண் அளவு துண்டையும் எடுத்துவிட்டு.

உப்புக்கரைசலில் உயிர்வளி குமிழிட,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
தசை குளித்த நீரை எடுத்து அளக்கவேண்டும்:
உள்ளே இருக்கவேண்டிய நொதி
எவ்வளவு வெளியே வந்துவிட்டது?
கருவியின் முள் இறங்கும் வேகம்தான் விடை.

கட்டளை வராத தசை
கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் என்றிருந்தேன்.
சுருங்குவதில்லை, இழுப்பதில்லை,
சும்மா கிடப்பதற்கு எதைச் சிந்தவேண்டும்?

முள் சரிந்தது.
வலது சொட்டியது. இடது ஒழுகியது.

கால்யு ரெபானே வந்து பார்த்தார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
"இன்னொரு எலி" என்றார்.
இன்னொன்று. பின் எட்டு.
யாரும் தொடாத, யாரும் அடிக்காத தசை
தன் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் வாரம் வேகம் தணிந்தது.
ஆறாம் வாரம் வலதைவிடக் குறைவு.
"தேறிவிட்டது" என்று
நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார் கால்யு.
எழுதிவிட்டுத் தேநீருக்குப் போனார்.

நான் இடுக்கியால் இடதைத் தூக்கினேன்.
தூக்கிய கைக்குத் தெரிந்தது.
நனைந்த நூல்போல் இருந்தது.
தராசில் வைத்தேன்: வலதில் பாதிகூட இல்லை.
அரைத்து, வடித்து, உள்ளே மிச்சம் என்ன என்று பார்த்தேன்.
நிறைகுடம் தளும்பாது என்பார்கள்.
வெறுங்குடமும்தான் தளும்பாது.

இதை எழுதாமல் விட்டிருப்பேன்,
என் தம்பி என்டெல் மட்டும் இல்லாவிட்டால்.

செப்டம்பரில், வோரு சாலையில்,
மரம் ஏற்றிய லாரியின் பக்கவாட்டில் அவன் மோட்டார்சைக்கிள்.
தலைக்கு ஒன்றுமில்லை. எலும்பு கூடிவிட்டது.
இடது தோளின் நரம்புகள் மட்டும்
முதுகுத்தண்டிலிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்டன,
ஈர மண்ணிலிருந்து கேரட் வருவதுபோல்.

மார்ச் மாதம் ரத்தப் பரிசோதனை.
"தசை நொதி அளவு சாதாரணம்" என்றார் மருத்துவர்.
அம்மா வழியிலேயே பாதாம் தூவிய முறுக்குரொட்டி வாங்கினாள்,
பெரியது, பிறந்தநாளுக்கு வாங்குவது.
மேசையில் வெட்டி வைத்து
"சாதாரணம்" என்று மூன்று தடவை சொன்னாள்.

நான் அவன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கைக்குள் கை இருக்கிற மாதிரியே இல்லை.
எலிக்குச் சொல்வது மனிதனுக்கும் சரியா, தெரியாது.
தசை ஒன்று, ரத்தம் முழு உடம்புக்கும் பொது,
ஒரு தோள் வற்றினால் அதில் தெரியுமா?
இத்தனையும் நினைத்துக்கொண்டு
முறுக்குரொட்டியை வாயில் வைத்துக்கொண்டேன்.
மென்றுகொண்டிருப்பவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

திங்கட்கிழமை நோட்டில் புதுக் கட்டங்கள் போட்டேன்.
தசையின் எடை. உள்ளிருப்பு.
வெளியேறியது, கிராம் ஒன்றுக்கு.
பென்சில் எழுத்தை அழிக்கவில்லை,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும்.
கால்யு பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை.
பிறகு தானே ரப்பரைத் தேடினார்.

என்டெல் இப்போது ஞாயிறுகளில்
சன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள் வாசிக்கிறான்.
பனி உருகும் காலம், காற்று பக்கத்தைப் புரட்டும்.
வலக்கையால் இடக்கையை எடுத்து,
ஒரு பொருளை எடுப்பதுபோல் எடுத்து,
தாளின் மேல் வைக்கிறான்.
"பாரேன், எடை இருக்கிறது" என்கிறான் என்னிடம்.

எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
அடுத்த பக்கம் வரும்போது
அதை நான் தூக்கிக் கொடுத்தேன்.
வெதுவெதுப்பாக இருந்தது.